குன்னூரில் பாலிஷ் வேலைக்கு முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

எங்கள் வாசல் கதவு தேக்கு, அப்பா வீடு கட்டும்போது பக்கத்திலேயே நின்று இழைக்க வைத்தது. நிறம் மங்கிப்போனதால் இந்த ஐப்பசியில் பாலிஷ் வேலை செய்யும் ஒருவரிடம் பேசினேன். மரத்துக்குள் இறங்கி நிறம் கொடுக்கும் வால்நட் ஸ்டெயின், அதற்கு மேல் வெளிப்புறத்துக்கான பி.யூ. (பாலியூரிதேன்) பூச்சு என்று பேச்சு. கதவும் நான்கு ஜன்னலும் சேர்த்து 42,000 ரூபாய், அதில் 25,000 முதலிலேயே வாங்கிக்கொண்டார்.

ஐப்பசியில் இங்கே எப்படி இருக்கும் என்று தெரியுமே, நான்கு நாளாகத் துணியே காயவில்லை. "மழை விடட்டும்ங்கண்ணா" என்றேன். "நாங்க பார்க்காத மழைங்களா, ரெண்டு மணி நேரத்துல காஞ்சிரும்" என்றார். இரண்டு டின்னைக் கலந்து அடிக்கும் பி.யூ. இறுகுவதற்கு ராத்திரி முழுக்க வேண்டும், இந்தக் குளிரில் இன்னும் கூடும். அப்படிச் சட்டென்று காய்வது என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் என்ற வேறு பூச்சு, அது வீட்டுக்குள் இருக்கும் சாமானுக்குத்தான் சரி. அன்றைக்கு எனக்கு இது தெரியாது.

மறுநாள் காலையில் கதவு முழுக்க வெள்ளை பூத்துக் கிடந்தது. லாக்கரைக் கரைத்து வைத்திருக்கும் தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் அதில் படிந்து அப்படியே உள்ளே மாட்டிக்கொள்கிறது, அதுதான் அந்த வெள்ளை. போதாததற்குப் பழைய வார்னிஷை உப்புத்தாள் போட்டு முழுசாக எடுக்கவும் இல்லை, அது ஒட்டியிருந்த இடங்களில் ஸ்டெயின் மரத்துக்குள் இறங்காமல் திட்டுத்திட்டாக நிற்கிறது. கேட்டதற்கு "வெயில் பட்டா போயிரும்" என்றார், அப்புறம் போனையே எடுக்கவில்லை.

தெரிந்த ஆசாரி ஒருவர் வந்து பஞ்சில் தின்னர் தொட்டு, கீல் பக்கம் மறைவான இடத்தில் தேய்த்தார். பிசுபிசுவென்று கரைந்து பஞ்சோடு வந்துவிட்டது. இறுகிய பி.யூ. அப்படிக் கரையாது, ஆக அவர் அடித்தது லாக்கர்தான்.

அதனால் பி.யூ. என்று பேசினால் மூடி திறக்காத டின் இரண்டையும், அதாவது பேஸ் என்ற மூலப்பூச்சையும் அதை இறுக வைக்கும் ஹார்ட்னரையும், உங்கள் கண் முன்னால் திறந்து கலக்கச் சொல்லுங்கள். காலி டின்னை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரே ஒரு ஜன்னலை முடிக்கச் சொல்லி, அது இறுகியதும் தின்னர் தொட்ட பஞ்சால் தேய்த்துப் பார்த்த பிறகு மீதிப் பணத்தைப் பேசுங்கள். மழையில் வேலையை ஆரம்பிக்கவே விடாதீர்கள்.

எங்கள் கதவை இப்போது மறுபடி சுரண்டி வெறும் மரமாக்கியிருக்கிறோம், மாசி வெயில் வந்த பிறகுதான் அதில் கை வைக்கப்போகிறோம்.