கேபிள் எக்ஸ்கவேட்டர் மாடல் கிட் வாங்கும் முன் டிரம்மைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்

ரிமோட்டில் ஓடும் பழைய கேபிள் எக்ஸ்கவேட்டர் (எஃகுக் கயிறுகளால் வாளியை இயக்கி மண் அள்ளும் மெஷின்) மாடல் செய்ய "முழு கிட்" என்று விற்கிறார்களே, அதில் ஒன்றை வாங்கி நான் பட்ட பாட்டை எழுதுகிறேன். விற்றவரின் பெயரைப் போடப்போவதில்லை. அந்தப் பெயர் அடிக்கடி மாறிக்கொண்டிருக்கிறது, அதனால் தெரிந்தும் பிரயோஜனமில்லை. சரக்கை அடையாளம் கண்டுகொள்ளத் தெரிந்தால் போதும்.

நான் ஆர்டர் செய்தது 1:14 அளவில் ரஸ்டன்-பியூசைரஸ் 22-ஆர்பி. இங்கிலாந்தின் ரஸ்டன் அண்ட் ஹார்ன்ஸ்பியும் அமெரிக்காவின் பியூசைரஸ்-ஈரியும் 1930-இல் கூட்டுச் சேர்ந்து லிங்கன் நகரில் தொடங்கிய கம்பெனியின் மெஷின் அது, இந்த ரகத்தில் ஆசை உள்ளவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். எனக்கு வேண்டியது டிராக்லைன் வடிவம்: நீளமான லாட்டிஸ் பூம் (கம்பிச் சட்டங்களால் ஆன கை), அதன் நுனியிலிருந்து ஹாய்ஸ்ட் ரோப்பில், அதாவது தூக்கும் கயிற்றில், தொங்கும் வாளி, வாளியை மெஷின் பக்கம் இழுக்க டிராக் ரோப் என்று இன்னொரு கயிறு. பித்தளை கியர், கிளட்ச் வைத்த இரண்டு விஞ்ச் டிரம் (ரோப் சுற்றும் உருளை), 5 ஆம்பியர் தாங்கும் ஸ்லிப் ரிங் (மேல்பாகம் சுழன்றாலும் கீழே கரன்ட் கொண்டுபோகும் வளையங்கள்), 15 மில்லிமீட்டர் பிட்ச், அதாவது கண்ணிக்குக் கண்ணி இடைவெளி, உள்ள உலோக டிராக் பட்டை (சக்கரத்துக்குப் பதில் மெஷின் ஓடுவது) என்று விளம்பரத்தில் எல்லாம் தெளிவாகவே எழுதியிருந்தது. கூடவே ஒரு வீடியோ. வீடியோ அருமை, வம்பே அங்கேதான் ஆரம்பம்.

ஏன் என்றால், ஹைட்ராலிக் மாடலில் சிலிண்டர், ஹோஸ் எல்லாம் வெளியே தெரியும், நல்ல சரக்கா மட்டமா என்று பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். கேபிள் மெஷினில் வேலை செய்கிற அத்தனையும் கேபினுக்குப் பின்னால் உள்ள கூண்டுக்குள் மூடிக் கிடக்கிறது. அசல் மெஷினில் ஒரே டீசல் என்ஜின் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆபரேட்டர் கிளட்சைப் போட்டால் டிரம் ரோப்பை இழுக்கும், விட்டால் டிரம் தன்போக்கில் அவிழும், கால் பிரேக்கால் அதைப் பிடித்து நிறுத்துவார். டிராக் ரோப்பை இழுக்கும்போது ஹாய்ஸ்ட் ரோப் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வாளி மண்ணைக் கடிக்காமல் அந்தரத்தில் வரும். கொட்டுவதும் இதே சங்கதிதான். டிராக் ரோப் இறுக்கமாக இருக்கும்வரை வாளியோடு கட்டிய டம்ப் ரோப் அதன் வாயை மேலே தூக்கிப் பிடித்திருக்கும், டிராக் ரோப்பைத் தளர்த்தியதும் வாய் கவிழ்ந்து மண் விழும். ஆக டிரம் தளர்ந்து ஓட வேண்டிய நேரத்தில் ஓடாவிட்டால் அது அலமாரியில் வைக்கிற பொம்மை, எவ்வளவு அழகாகப் பெயின்ட் அடித்தாலும் சரி.

பார்சல்கள் தவணை முறையில் வந்தன. முதலில் கேபின், அப்புறம் பூம், அப்புறம் டிராக் பட்டை. இயந்திரப் பாகங்கள் உள்ள பெட்டி மட்டும் வரவே இல்லை. கேட்டால் கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டது என்பார், அடுத்த முறை கியர் வெட்டுகிறவருக்கு உடம்பு சரியில்லை என்பார். இந்த வரிசை தற்செயல் என்று நான் நம்பவில்லை. புகார் கொடுப்பதற்கு ஒரு கெடு உண்டு, அது ஓடிக்கொண்டே இருக்கும், பார்த்ததும் மனம் குளிர்கிற பாகங்களை முதலில் அனுப்பிவிட்டால் வாங்கினவர் பொறுமையாகக் காத்திருப்பார். கேபின் உண்மையிலேயே நல்ல வேலை, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. தகடு மடிப்பு சுத்தம், ரிவெட் தலைகள் ஒரே வரிசையில் இருந்தன.

கடைசியில் அந்தப் பெட்டி வந்தது. ஹாய்ஸ்ட் டிரம்மின் பக்கவாட்டு மூடியில் "கிளட்ச்" என்று அம்புக்குறி போட்ட ஸ்டிக்கர்கூட இருந்தது. மூன்று திருகுகளை எடுத்து மூடியைத் திறந்தால் உள்ளே கிளட்சும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. டிரம்மை ஷாஃப்ட்டோடு பிடித்துவைக்க ஒரே ஒரு கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத சின்னத் திருகு), அவ்வளவுதான். அந்த ஷாஃப்ட்டை ஓட்டுவது வொர்ம் கியர், அதாவது திருகு வடிவத் தண்டு ஒரு பல்சக்கரத்தைச் சுற்றும் அமைப்பு. இந்த மாதிரி வொர்ம் கியரைப் பெரும்பாலும் மோட்டார் பக்கமிருந்துதான் சுற்ற முடியும், சுமைப் பக்கமிருந்து இழுத்தால் அப்படியே பூட்டிக்கொள்ளும். கிரேன் மாடலுக்கு அது நல்ல குணம். டிராக்லைனில், நடுவில் கிளட்ச் இல்லாதபோது, வாளியின் எடையால் ரோப் ஓர் அங்குலம்கூட அவிழாது. சரி, மோட்டாரையே பின்னோக்கி ஓட்டி ரோப்பை விடலாம் என்று பார்த்தால், வாளி தரையில் உட்கார்ந்த பிறகும் மோட்டார் ரோப்பைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது, தளர்ந்த சுற்று டிரம்மின் விளிம்பைத் தாண்டி ஷாஃப்ட்டில் சுருண்டு சிக்கிக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் கூண்டைக் கழற்றி இடுக்கியால் எடுக்க வேண்டும்.

அடுத்தது கியர். மஞ்சளாகப் பளபளத்தது, காந்தம் ஒட்டவில்லை. அதனால் பித்தளை என்று முடிவு கட்டிவிடாதீர்கள், துத்தநாகக் கலவையிலும் காந்தம் ஒட்டாது. இதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை இருக்கிறது. கியரில் உள்ள ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு எடை போடுங்கள். பிறகு ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துத் தராசில் ஏற்றி அளவைப் பூஜ்யமாக்கி, கியரை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டும் கிராம்தான் கியரின் கன அளவு, மில்லிலிட்டர் கணக்கில். என் கையில் இருந்த பெரிய கியர் 60 கிராம், தண்ணீரில் காட்டியது 9. வகுத்தால் ஏறக்குறைய 6.7, துத்தநாகக் கலவையின் அடர்த்தி ஏறக்குறைய அதுதான். பித்தளை என்றால் 8.5 பக்கம் வரும், அதே 60 கிராமுக்குத் தராசு 7-தான் காட்டியிருக்க வேண்டும். பல்லின் ஓரத்தை அரத்தால் ஒரு இழுப்பு இழுத்ததும் மஞ்சளுக்கு அடியில் சாம்பல் நிறம் தெரிந்தது. எஃகு வொர்ம் இப்படிப்பட்ட பல்லில் உராய்ந்துகொண்டே இருந்தால் பல் தேயாமல் என்ன செய்யும்?

ஸ்லிப் ரிங்கில் "5ஏ" என்று லேபிள். லேபிளின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது, நகத்தால் உரித்தால் கீழே அச்சிட்டிருப்பது 2ஏ. ரிசீவரும் பேட்டரியும் மேலே, டிராக் மோட்டார்கள் இரண்டும் கீழே இருக்கிற மெஷின் இது. மண்ணில் டிராக் சிக்கி மோட்டார் நின்றுபோனால் கரன்ட் மொத்தமும் அந்த மெல்லிய ஒயர்கள் வழியாகத்தான் போகும். பெரிய கரன்ட் வேண்டுமென்றால் இரண்டு மூன்று வளையங்களை இணையாகச் சேர்க்கலாம், ஆனால் அதற்கு மீதி வளையம் இருக்க வேண்டும், இதில் இல்லை. டிராக் பட்டையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம்: அதை ஓட்டும் ஸ்ப்ராக்கெட் (பல்சக்கரம்) 15-க்கு வெட்டியது, பட்டையின் லிங்க் வெர்னியர் அளவுகோலில் 14.7, ஆறு பல் தாண்டுவதற்குள் 1.8 மில்லிமீட்டர் வித்தியாசம் சேர்ந்து பட்டையின் தகடு பல்லின் மேல் ஏறிக்கொள்கிறது.

இதையெல்லாம் எழுதி அனுப்பியதும் வந்த முதல் பதில், "நீங்கள் பொருத்தியது சரியில்லை." இரண்டாவது, "இது ஹாபி ஐட்டம், கொஞ்சம் ட்யூன் செய்ய வேண்டியிருக்கும்." நான் பணம் கட்டிய சேவையிலேயே புகார் பதிவு செய்த பிறகு குரல் தேனாக மாறியது: "புகாரை மூடிவிடுங்கள், அன்றைக்கே பணத்தைத் திருப்பிவிடுகிறேன், புகார் திறந்திருந்தால் என் கணக்கு முடங்கிவிடும்." யாரும் இதற்கு மசியக் கூடாது. மூடிய புகாரைப் பெரும்பாலும் மறுபடி திறக்கவே முடியாது, அது அவருக்கும் நன்றாகத் தெரியும். நான் மூடவில்லை. தராசு சோதனையை வெட்டில்லாமல் எடுத்த வீடியோ, உரித்த லேபிளின் படம், அவருடைய விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட், மூன்றையும் சேர்த்ததும் இயந்திரப் பெட்டிக்கான பணம் மட்டும் திரும்பியது. கேபினும் பூமும் சொன்னபடிதான் இருக்கின்றன என்று அந்தப் பங்கு அவரிடமே நின்றுவிட்டது. பொருந்தாத டிராக் பட்டைக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை, அதைப் பெற்றுக்கொண்டு ரொம்ப நாள் ஆகிவிட்டது என்றார்கள் பணச் சேவைக்காரர்கள்.

யாரிடம் வாங்கினாலும் பணம் கட்டுவதற்கு முன் ஒரு வீடியோ கேளுங்கள். கூண்டைக் கழற்றியிருக்க வேண்டும், இரண்டு டிரம்மும் தெரிய வேண்டும், வாளியில் ஈரமணல் நிரம்பியிருக்க வேண்டும், எடுப்பதிலிருந்து கொட்டுவது வரை ஒரே ஷாட். ஈரமணல் என்று நான் அடம்பிடிப்பதற்குக் கணக்கு இருக்கிறது. 22-ஆர்பியின் வாளி முக்கால் கன கெஜம், அதாவது சுமார் 570 லிட்டர். 1:14-இல் கன அளவு 2744-இல் ஒரு பங்காகும், 200 மில்லிலிட்டருக்குச் சற்று மேல். அதில் ஈரமணல் ஏறக்குறைய 400 கிராம் பிடிக்கும், உலோக வாளியின் எடை தனி. தூக்குவதாவது பரவாயில்லை, மண்ணுக்குள் இழுக்க அதைப் போலப் பல மடங்கு விசை வேண்டும். மரத்தூளை அள்ளிக் காட்டுகிற வீடியோவில் எந்த மோட்டாரும் சூரப்புலிதான். நேர்மையான ஆள் இப்படி ஒரு வீடியோ எடுக்கத் தயங்கமாட்டார், தயங்கினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மொத்தப் பணமும் முன்கூட்டியே கேட்டால் இயந்திரப் பெட்டியை முதலில் அனுப்பச் சொல்லுங்கள், கேபின் எங்கேயும் ஓடிவிடாது.

இப்போது அதே வீடியோ வேறு கடைப் பெயரில், அதே கம்பெனியின் இன்னொரு மெஷினான 38-ஆர்பி கிட் என்று ஓடிக்கொண்டிருக்கிறது. கண்டுபிடிப்பது சுலபம்: டிராக் ரோப் இறுகத் தொடங்கும் இடத்தில் ஒரு வெட்டு வரும், அடுத்த நொடி வாளி நிரம்பி மேலே தொங்கும், அதுவரை இடப்பக்கம் விழுந்த பூமின் நிழல் வலப்பக்கம் போயிருக்கும். நடுவில் நடந்ததையும் அனுப்புங்கள் என்று அந்தக் கடைக்கு எழுதினேன். பதில் வரவில்லை, என்னை பிளாக் செய்துவிட்டார்கள்.