பாட்ரோலின் முன் ஆக்சிலுக்கு எந்த லாக்கர்? ஏஆர்பி ஏர் லாக்கர் போட்டவனின் அனுபவம்

மெல்பனில் நிசான் பாட்ரோல் ஜியூ யூட் (பின்னால் திறந்த தட்டு உள்ள நாலு சக்கர இழுவை வண்டி) வைத்திருக்கிறேன், 3 லிட்டர் டீசல். முன்னும் பின்னும் இரு சக்கரங்களையும் இணைக்கும் முழு ஆக்சில் (அச்சு), முன்னால் ஃப்ரீ வீலிங் ஹப் (முன் சக்கரத்தை அச்சோடு பூட்டவோ விடுவிக்கவோ உதவும் பாகம்). சும்மா சுற்றும் சக்கரத்தைத் தானாக அடக்கும் டிராக்ஷன் கன்ட்ரோல் எதுவும் கிடையாது. பின் ஆக்சிலில் லாக்கரை, அதாவது இரண்டு சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டும் கருவியை, பழைய சொந்தக்காரரே போட்டிருந்தார். முன்னால் எதைப் போடுவது என்று யோசித்து, நண்பர்களின் வண்டிகளில் மற்ற வகைகளையும் ஓட்டிப் பார்த்து, கடைசியில் ஏஆர்பி ஏர் லாக்கரை வாங்கினேன். எனக்கு முழுத் திருப்தி. ஆனால் இது எல்லாருக்கும் ஏற்றது இல்லை.

ஆக்சில் நடுவில் இருந்து, வளைவில் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பற்சக்கரத் தொகுதிதான் டிஃப்ரன்ஷியல், சுருக்கமாக டிஃப். சாதாரண டிஃப் இரண்டு சக்கரங்களுக்கும் ஒரே அளவு முறுக்கு விசையைத்தான் தரும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால், அதைச் சும்மா சுற்ற வைக்க எவ்வளவு விசை போதுமோ, தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அவ்வளவுதான் கிடைக்கும். செங்குத்தான ஏற்றத்தில் வண்டியின் எடை பின்னால் போய்விடுவதால் முன் சக்கரங்கள்தான் முதலில் பிடிப்பை இழக்கும். விக்டோரியா மலைப்பகுதியில் பில்லி கோட் பிளஃப் பாதையில் ஏறியவர்களுக்கு இது தெரியும். பாறைப் படியில் முன் டயர் முட்டி நிற்கும்போது பின்னால் இருந்து எவ்வளவு தள்ளினாலும் சரியாக ஏறாது. அந்த முன் டயரே பாறையைப் பிடித்து வண்டியை மேலே இழுக்க வேண்டும்.

அப்படியென்றால் எதையாவது போட்டு இரண்டு முன் சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டிவிடலாமே என்றால், அங்கேதான் சிக்கல். முன் சக்கரங்கள் திரும்ப வேண்டியவை. வளைவில் வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும்; பூட்டிவிட்டால் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். ஸ்டியரிங் கனத்துப் போகும், வண்டி நேராகப் போகவே பார்க்கும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வைத்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால், பிடிப்புள்ள ஒரே சக்கரத்தின் சிவி ஜாயின்ட் (திரும்பும் சக்கரத்துக்கு விசையைக் கடத்தும் மூட்டு) அத்தனை விசையையும் தாங்க வேண்டியிருக்கும். சரிவில் குறுக்காகப் போகும்போது இரண்டு டயரும் சேர்ந்து வழுக்கினால் வண்டியின் மூக்கே பள்ளத்தை நோக்கி இறங்கும். அதனால் முன் லாக்கர் எனக்கு வேண்டிய சில அடி தூரத்துக்கு மட்டும் பிடிக்க வேண்டும், மற்ற நேரத்தில் இல்லாதது போலவே இருக்க வேண்டும். நான் எல்லாவற்றையும் எடைபோட்டது இந்த ஒன்றை வைத்துத்தான்.

முதலில் லோக்கா. இது தானியங்கி வகை. டிஃப்பின் உள்ளே இருக்கும் சின்னப் பற்சக்கரங்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைப்பது. கிரவுன் பினியன் (டிஃப்பைச் சுழற்றும் பெரிய, சிறிய பற்சக்கர ஜோடி) செட்டிங்கைத் தொட வேண்டாம், விலையும் குறைவு. ஹப்பைத் திறந்துவிட்டால் தார் ரோட்டில் இருப்பதே தெரியாது. ஆனால் மண் பாதையில் ஹப்பைப் பூட்டி நாலு சக்கர இழுவையில் போகும்போது, வளைவில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஸ்டியரிங் கையை இழுக்கிறது, காலை எடுத்தால் விடுகிறது. நண்பன் அதற்குப் பழகிவிட்டான். எனக்குப் பிடிக்கவில்லை. எப்போதும் நாலு சக்கர இழுவையில் ஓடும் 80 சீரிஸ் லேண்ட் குரூசர் போன்ற வண்டிக்கு முன்னால் இதைப் போடுவதை யோசிக்கவே வேண்டாம்.

ஈட்டன் ட்ரூட்ராக் நேர்மாறு. சாய்வுப் பற்சக்கரங்களால் வேலை செய்வது, ஸ்டியரிங்கில் அதன் சுவடே தெரியாது. ஈரக் களிமண்ணிலும் பனியிலும், இரண்டு டயரும் தரையில் இருக்கும்வரை அருமை. பிடிப்பு குறைந்த சக்கரத்தின் விசையைப் பெருக்கித்தான் மற்றதுக்குத் தரும்; ஒரு டயர் அந்தரத்தில் போய்விட்டால் அது பெருக்கித் தர ஒன்றுமில்லை. பிரேக்கை லேசாக மிதித்து ஏமாற்ற வேண்டும். சரளைச் சாலையும் பனிச்சாலையும்தான் உங்கள் பயணம் என்றால் இதையே வாங்குங்கள், மேற்கொண்டு படிக்க வேண்டாம்.

உண்மையான போட்டி ஈ-லாக்கரோடுதான். மின்காந்தத்தால் பூட்டுவது. ஒரு ஒயர் போதும், காற்றுக் குழாய் தொல்லை இல்லை. நான் ஓட்டிப் பார்த்ததில் முன்னே பின்னே மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு கணம் விட்டுப் பிடித்தது. பள்ளத்தில் மாட்டிய வண்டியை ஆட்டி ஆட்டி வெளியே எடுக்கும்போது அந்தக் கணம் எனக்கு உறுத்தலாக இருந்தது. அது இல்லையென்றால் ஈ-லாக்கரையே வாங்கியிருப்பேன்.

ஏஆர்பி 1975இல் மெல்பனில் தொடங்கிய கம்பெனி. இந்த லாக்கரை 1987இல் ராபர்ட்ஸ் டிஃப்லாக்கிடமிருந்து வாங்கி வளர்த்தார்கள். கம்ப்ரசரிலிருந்து சுமார் 100 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்று வந்து உள்ளே ஒரு பிஸ்டனைத் தள்ளும். அது ஆக்சில் பக்கத்துப் பற்சக்கரத்தை டிஃப் கூட்டோடு சேர்த்துப் பூட்டிவிடும். சுவிட்சை அணைத்தால் ஸ்பிரிங் பின்னுக்கு இழுத்துவிடும். முன்னே போனாலும் பின்னே போனாலும் பூட்டு பூட்டுதான். அணைத்தபின் சாதாரண டிஃப். இதுதான் எனக்கு வேண்டியிருந்தது. டயர் காற்றைக் குறைத்து மலையேறி, இறங்கியதும் அதே கம்ப்ரசரால் அடித்துக்கொள்கிறேன். இரட்டை மோட்டார் உள்ளதை வாங்குங்கள். லாக்கருக்கு மட்டுமான சின்னது டயருக்கு உதவாது.

அதே விக்டோரியா மலைப்பகுதியில் புளூ ராக் மேட்டில் ஏறும்போது என் மனைவி இறங்கி முன்னால் நின்று வழி சொல்வாள். டயர் படியைத் தாண்டியதும், "போதும், இப்ப ஆஃப் பண்ணுங்க" என்பாள். அணைத்த உடனே ஸ்டியரிங் இலேசாகிவிடுகிறது. சில நேரம் இறுக்கத்தில் சிக்கி விடாமல் நிற்கும். அப்போது ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லேசாகத் திருப்பினால் விட்டுவிடும்.

குறைகளும் உண்டு. இதன் உயிர் அந்த மெல்லிய நீலக் காற்றுக் குழாயிலும் ஓ-ரிங்குகளிலும் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) இருக்கிறது. ஒரு நண்பரின் வண்டியில் பொருத்தியவர்கள் குழாயைப் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் உருக வைத்துவிட்டார்கள். மலை நடுவில் லாக்கர் வேலை செய்யவில்லை. வண்டியை எடுக்கும்போது குழாய் போகும் பாதையைக் குனிந்து நீங்களே பாருங்கள். லாக்கர் போட்ட நிலையில் கம்ப்ரசர் அடிக்கடி தானாக ஓடினால் எங்கோ காற்று கசிகிறது. சோலனாய்டு (காற்றைத் திறந்து மூடும் மின் வால்வு) வழியாக எண்ணெய் வந்தால் டிஃப்புக்குள் சீல் போய்விட்டது.

செலவும் சாதாரணம் இல்லை. லாக்கர், கம்ப்ரசர், கூலி எல்லாம் சேர்த்து 3,000 டாலரைத் தாண்டியது. டிஃப் கூட்டையே மாற்றுவதால் கிரவுன் பினியன் இடைவெளியையும் பேரிங் இறுக்கத்தையும் புதிதாக அமைக்க வேண்டும்; அதில் அனுபவமுள்ளவரிடம்தான் கொடுக்க வேண்டும். பற்சக்கரப் பல்லில் மை தடவிப் பார்த்த தடத்தைப் போட்டோ எடுத்துத் தருவார்களா என்று கேளுங்கள். தருபவரிடம் வேலையைக் கொடுங்கள். ஆர்டர் கொடுக்கும் முன் ஆக்சில் ஸ்ப்ளைன் (அச்சு முனையில் உள்ள பள்ளப் பற்கள்) எண்ணிக்கையையும் பல் விகிதத்தையும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஜூன் நீண்ட வாரயிறுதி முடிந்து குளிர்காலத்துக்காக மலைப்பாதைகளை மூடியபின் வேலையைக் கொடுத்தேன், அவசரமில்லாமல் செய்து தந்தார்கள்.

ஊரில் மச்சான் வைத்திருக்கும் ஃபோர்ஸ் கூர்காவில் முன்னும் பின்னும் லாக் கம்பெனியிலிருந்தே வருகிறது, லீவரை இழுத்தால் போதும். இத்தனை டாலர் கொடுத்த எனக்கு அதைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமைதான்.

கையில் இருக்கும் பணத்தில் முதலில் நல்ல டயர், அடுத்து பின் லாக்கர், அதற்கப்புறம்தான் இது. பின்னால் பூட்டு இல்லாமல் முன்னால் மட்டும் போட நான் சொல்லமாட்டேன். 33 அங்குல டயர் வரை பாட்ரோலின் சிவி ஜாயின்ட் நிதானமாக ஓட்டினால் தாங்கும். 35க்குப் போகிறவர்கள் லாக்கரோடு வலுவான சிவி ஜாயின்ட்டுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள்.