செல் பிரிதலில் ஈ2 நொதி: வெப்ப உணர் ஈஸ்ட்டா, எஸ்ஐஆர்என்ஏவா?

செல் பிரிய வேண்டுமென்றால் சில புரதங்கள் உரிய நேரத்தில் அழிய வேண்டும். அவற்றின் மேல் அழிவுக்கு அடையாளமிடும் யுபிக்விட்டின் என்ற, 76 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதத்தை ஒட்ட உதவுவது ஈ2 நொதி. அதன் மரபணுவை எப்படி முடக்கிப் பார்ப்பது என்று ஆய்வுக்குப் புதிதாக வருபவர்கள் குழம்புவதுண்டு.

வேகம்
ஈஸ்ட்: சிடிசி34 என்ற ஈ2 மரபணுவில் வெப்ப உணர் பிறழ்வு (சூடு கூடினால் மட்டும் நொதி செயலிழக்கும் மாற்றம்) இருந்தால் 25 டிகிரியில் வளரும். 37 டிகிரிக்கு மாற்றினால் சில மணி நேரத்தில் பிரிதல் நின்றுவிடும்.
மனித செல்: யுபிஇ2சி என்ற ஈ2 மரபணுவை எஸ்ஐஆர்என்ஏ (அந்த மரபணுவின் செய்தி ஆர்என்ஏவை அழிக்கவைக்கும் குட்டி ஆர்என்ஏ) கொண்டு அடக்க இரண்டு மூன்று நாள் ஆகலாம். ஏற்கெனவே இருக்கும் புரதம் தேய வேண்டுமே!

தெளிவு
ஈஸ்ட்: இதன் அழகே இங்கேதான். சிக்1 என்ற தடுப்புப் புரதம் அழியாததால் டிஎன்ஏ நகலெடுப்பு தொடங்காது. மொட்டு விடுவது மட்டும் ஓயாது. ஒரே செல்லில் நீண்ட மொட்டுகள் பல. சாதாரண நுண்ணோக்கியே போதும். சிக்1 மரபணுவையும் நீக்கினால் நகலெடுப்பு நடந்துவிடும். காரணம் கைமேல் கிடைக்கிறது.
மனித செல்: அடக்கம் முழுமையாகாது, பிற ஈ2 நொதிகளும் ஓரளவு ஈடுகட்டும். விளைவு மங்கலாக இருந்தால் மரபணு முக்கியமில்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

செலவு
ஈஸ்ட் மலிவு. மனித செல்லுக்குச் சீரம், வினைப்பொருள், கட்டுப்பாட்டுச் சோதனைகள் என நீளும்.

அடிப்படை இயக்கத்தைப் பிடிக்க ஈஸ்ட்டையே எடுப்பேன். செல் பிரிதலை இயக்கும் சைக்ளின் பி புரதத்தின் அழிவு, புற்றுநோய் என்று கேள்வி போனால் மனித செல்தான். அப்போது இரண்டு வெவ்வேறு எஸ்ஐஆர்என்ஏவாவது வேண்டும்.