டிகாஷன் மெஷினும் அதன் அடியில் இருக்கும் வாஷரும்

இப்போது விலை இறங்கியிருக்கிறதே, உன் வீட்டில் இருக்கும் அதே டிகாஷன் மெஷினை வாங்கட்டுமா என்று தோழி கேட்டாள். வேண்டாம் என்றேன். "இத்தனை வருஷமா நீதானே அதைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடினே?" என்றாள். ஆமாம், இன்றைக்கும் ஆடுவேன். எங்கள் வீட்டில் அதைவிட நல்ல டிகாஷனை வேறு எந்தப் பாத்திரமும் இறக்கியதில்லை. ஆனாலும் வேண்டாம் என்பதுதான் என் பதில். ஃபோனில் அவளுக்கு முழுதாகச் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

கம்பெனி பெயரை எழுதப்போவதில்லை. பொடிக்கூடையின் அடியில் திறந்து மூடும் வால்வு உள்ள எந்த மெஷினை வாங்குபவருக்கும் இது பொருந்தும். எத்தனை வாட், எத்தனை கப் என்பதெல்லாம் அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருக்கும், அதற்கு நான் தேவையில்லை.

சாதாரண ட்ரிப் காப்பி மெஷின் நம் டிகாஷனுக்காகப் பிறந்தது அல்ல. 1954-இல் ஜெர்மனியில் வந்த விகோமாட் முதல், 1972-க்குப் பிறகு அமெரிக்கச் சமையலறைகளில் புகுந்த மிஸ்டர் காஃபி வரை, எல்லாமே பால் சேராத நீர்த்த காப்பியை ஜாடி ஜாடியாக இறக்குவதற்காகச் செய்தவை. தொட்டியில் உள்ள தண்ணீர் அடியில் வளைந்து போகும் ஒரு குழாய்க்குள் சூடாகிறது. கொதியில் எழும் குமிழிகள் அதை மேலே தள்ளுகின்றன. பொடி மேல் சொட்டி, கூடை வழியாக உடனே கீழே இறங்கிவிடுகிறது. கொரகொரப்பாக அரைத்த, சிக்கரி கலக்காத பொடிக்கு அந்த ஓட்டமே போதும்.

நம் பொடி அப்படியா? மாவுக்கு அருகில் நைசாக அரைத்தது. போதாததற்குச் சிக்கரி வேறு. அது தண்ணீரைக் குடித்து ஊதிப் பிசுபிசுப்பாகிவிடும். இந்தப் பொடியைச் சாதாரண ட்ரிப் மெஷினில் போட்டால், தண்ணீர் பொடிக்கு நடுவே ஒரு வழி கண்டுபிடித்து அதன் வழியாகவே ஓடிவிடும், ஓரத்துப் பொடி பாதி காய்ந்தே கிடக்கும். இல்லாவிட்டால் சல்லடை அடைத்துக்கொண்டு கூடை பொங்கி வழியும். முதலாவது நடந்தால் கிடைப்பது நிறம் மட்டும் உள்ள தண்ணிக் காப்பி. இரண்டாவது நடந்தால் மேடை முழுக்கத் துடைக்கும் வேலை.

பித்தளை ஃபில்டர் இந்தச் சங்கடத்தை எந்த மின்சாரமும் இல்லாமல் தீர்த்து வைத்திருக்கிறது. துளைகள் பொடிப்பொடியானவை, பொடியை மேலிருந்து குடை அமுக்கிப் பிடித்திருக்கும், தண்ணீர் போக வழியில்லாமல் பொடியோடு ஊறிக்கொண்டே சொட்டும். கள்ளிச்சொட்டு என்று நாம் சொல்லும் டிகாஷன் அந்தப் பொறுமையில் வருவதுதான். அதற்குக் கொடுக்கும் விலை நேரம். ராத்திரியே போட்டு வைக்க வேண்டும், இல்லையென்றால் விடிகாலையில் ஃபில்டரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். சொட்டி முடிவதற்குள் டிகாஷன் ஆறியும் போய்விடும்.

என் மெஷினில் கூடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. அதை இடப்பக்கம் தள்ளினால் அடித்துளை மூடிக்கொள்ளும். தண்ணீர் முழுவதும் கூடைக்குள் ஏறி நிற்கும். ஊறினது போதும் என்று தோன்றும்போது வலப்பக்கம் தள்ளினால் இறங்கும். விஷயம் இவ்வளவுதான். இந்த ஒரு நெம்புகோலுக்காகத்தான் அதை வாங்கினேன், அது கொடுத்த சந்தோஷத்தை எவ்வளவு சொன்னாலும் தகும்.

நான் போடும் விதம் இது. எண்பதுக்கு இருபது சிக்கரி கலந்த பொடி 45 கிராம். அரைக்கும் கடையில் ஃபில்டர் பொடியைவிட ஒரு பிடி கொரகொரப்பாகக் கேட்டு வாங்குகிறேன். தண்ணீர் 300 மில்லி. நெம்புகோலை மூடிவிட்டு ஸ்விட்சைப் போடுவேன். தண்ணீர் முழுக்க ஏறியதும் ஸ்விட்சை அணைத்துவிட வேண்டும், ஏனென்றால் தண்ணீரைச் சூடாக்குவதும் ஜாடியின் அடித்தட்டைச் சூடாக்குவதும் ஒரே ஹீட்டர்தான். பிறகு கூடை மூடியைத் திறந்து, மரக்கரண்டிக் காம்பால் ஒரே ஒரு சுற்று. பொடி முழுதும் நனைந்துவிடும். ஐந்து நிமிடம் விட்டுத் திறந்தால் முதலில் நூலாக இறங்கி, அப்புறம் சொட்டாக மாறும். பொடி குடித்தது போக ஏறக்குறைய 200 மில்லி கெட்டி டிகாஷன். நான்கு டம்ளர் காப்பிக்குத் தாராளம்.

ஊறுவதால் வேறொரு நன்மையும் இருக்கிறது. இப்படிப்பட்ட மெஷின்களில் முதலில் ஏறும் தண்ணீர் தன் சூட்டையெல்லாம் குளிர்ந்த கூடைக்கும் பொடிக்கும் கொடுத்துவிடும். வால்வு திறந்திருந்தால் அந்த வெதுவெதுப்பான தண்ணீர், பொடியிலிருந்து பாதியைக்கூட எடுக்காமல் ஜாடிக்குப் போய்விடும். மூடியிருந்தால் பின்னால் வரும் நல்ல சூட்டுத் தண்ணீர் அதோடு சேர்ந்துகொள்ளும், முழுவதும் ஒரே பதத்தில் ஊறும். எனக்கு இதற்கு அத்தாட்சி இரண்டாம் டிகாஷன்தான். ஃபில்டரில் போட்ட பொடியில் இரண்டாம் முறை தண்ணீர் விட்டால் சாயங்காலக் காப்பிக்கு ஒப்பேற்றும் அளவுக்காவது ஏதோ கிடைக்கும். இந்த மெஷினில் ஊறிய பொடியில் இரண்டாம் தடவை விட்டால் வருவது வெறும் பழுப்புத் தண்ணீர். இருந்ததெல்லாம் முதல் தடவையிலேயே இறங்கிவிட்டது என்றுதானே அர்த்தம்! அந்த இரண்டாம் டிகாஷன் பழக்கமே எங்கள் வீட்டில் போய்விட்டது.

அம்மா புது சாமான் எதையும் லேசில் ஒப்புக்கொள்கிறவர் அல்ல. டிகாஷனை டம்ளரில் ஊற்றிச் சாய்த்து, விளிம்பில் எவ்வளவு ஒட்டி நிற்கிறது என்று பார்ப்பதுதான் அவருடைய சோதனை. முதல் வாரமே பார்த்துவிட்டு, "இனிமே எனக்கும் இதுலயே போடு" என்றார். சொல்லாமல் கொள்ளாமல் உறவினர்கள் வந்து நிற்கும் வீட்டில், கால் மணி நேரத்தில் புது டிகாஷன் என்பது சின்ன விஷயம் இல்லை.

இனி கோபத்துக்கு வருகிறேன்.

இந்த நெம்புகோல் வேலை செய்வது கூடைக்கடியில் இருக்கும் ஒரு சிலிக்கான் வாஷரால். எட்டணாக் காசளவு இருக்கும். ஊறுவது, கெட்டி, மணம், அம்மாவின் சம்மதம் எல்லாமே அந்த வாஷர் துளையை இறுக மூடுவதைப் பொறுத்தது. அதுதான் முதலில் போகிறது. காப்பியின் எண்ணெய்ப்பசை படிந்து படிந்து விளிம்பு விறைத்துப்போகிறது. சிக்கரிப் பிசுக்கோடு மண்டித்தூள் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. நெம்புகோல் மூடிய நிலையிலேயே சொட்ட ஆரம்பிக்கும். முதலில் எப்போதாவது ஒரு சொட்டு. பிறகு விடாமல் சொட்டும். அப்படிக் கசிவது எந்தத் தண்ணீர்? பொடியில் சரியாக ஊறாத, முதலில் ஏறிய அதே வெதுவெதுப்பான தண்ணீர். ஊற வைக்கும் மெஷின் என்று காசு கொடுத்து வாங்கியது, சாதாரண மெஷினாக மாறி நிற்கிறது.

வாஷரை மாற்றினால் தீர்ந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். சர்வீஸுக்கு வந்த தம்பி தன்மையானவர், சொன்ன நேரத்துக்கு வந்தார், ஹீட்டரையும் சோதித்துக் கொடுத்தார். வாஷரைக் காட்டினேன். "அது தனியா வராதுங்க மேடம், கூடையோட செட்டாத்தான் வாங்கணும்" என்றார். கூடையின் விலை மெஷின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. கூடை நன்றாக இருக்கிறது, சல்லடை நன்றாக இருக்கிறது, நெம்புகோலும் ஸ்பிரிங்கும் நன்றாக இருக்கின்றன. சில ரூபாய் பெறாத ஒரு வளையத்துக்காக அத்தனையும் குப்பைக்குப் போக வேண்டும். செருப்பு வார் அறுந்தால் ஜோடியே வாங்கு என்பது போல இருக்கிறது இந்த நியாயம்.

குக்கர் ரிப்பேர் கடைகளில் ஏறி இறங்கினேன். ஒரு கடையில் கறுப்பு ரப்பர் வாஷர் ஒன்று அளவாகப் பொருந்தியது. கசிவு நின்றது, ஆனால் டிகாஷனில் ரப்பர் வாடை ஏறியது. பால், சர்க்கரை எதுவும் அதை மறைக்கவில்லை. கொதிக்கிற தண்ணீர் நிமிடக்கணக்கில் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உணவுக்குகந்த சிலிக்கானைத் தவிர வேறெதையும் போடக்கூடாது என்பதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுக் கூடையே வாங்கினேன். முதல் நாள் டிகாஷன் பழையபடி அமிர்தமாக இறங்கியது. அதைக் குடிக்கும்போது கோபம் கூடத்தான் செய்தது. இவ்வளவு நன்றாகச் செய்யத் தெரிந்தவர்கள், அந்த வளையத்தை ஒரு சின்ன உறையில் போட்டு விற்கக்கூடாதா?

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். மற்ற பாகங்கள் உழைக்கின்றன. எங்கள் ஊர் போர் தண்ணீரில் உப்பு அதிகம், குழாயில் சுண்ணாம்பு கட்டும். மெஷின் வழக்கத்தைவிட அதிகமாக இரைந்தாலோ, தண்ணீர் ஏற நேரம் எடுத்தாலோ அதுதான் காரணம். எலுமிச்சை உப்பைக் கரைத்து ஓட்டி, பிறகு நல்ல தண்ணீர் இரண்டு முறை ஓட்டினால் சரியாகிவிடுகிறது. ஒருமுறை, சூடு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மல் ஃபியூஸ் போனது, குறைந்த செலவில் மாற்றிக் கொடுத்தார்கள். அடித்தட்டில் டிகாஷனை வைத்துச் சூடாக்கிக்கொண்டே இருந்தால் புளிப்பும் காறலும் ஏறும், ஆனால் அது எல்லா மெஷின்களுக்கும் உள்ளது. ஃபிளாஸ்க்கில் ஊற்றி வைத்துவிடுங்கள்.

கடைக்குப் போனால் ஊறுவதற்கு வசதி என்று உங்களிடம் வேறு இரண்டைக் காட்டுவார்கள். ஒன்று, ஜாடியை எடுத்தால் சொட்டு நிற்கும் வால்வு. ஜாடியை வெளியே இழுத்து வைத்து ஊற விடலாம்தான், ஆனால் அது நீங்கள் அவசரமாக ஒரு கப் ஊற்றிக்கொள்வதற்காக வைத்த மென்மையான ஸ்பிரிங், இதற்காகச் செய்தது அல்ல. இன்னொன்று ப்ரீ-இன்ஃப்யூஷன். முதலில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டு, பொடியில் இருக்கும் வாயு வெளியேறுவதற்காக மெஷின் சற்று நிற்கும். நல்ல விஷயம்தான், ஆனால் அடித்துளை திறந்தேதான் இருக்கிறது. அது ஊற வைப்பது ஆகாது.

நெதர்லாந்தில் செய்யும் மொக்காமாஸ்டர் என்ற ட்ரிப் மெஷினில் சில மாடல்களின் கூடையில் முழுதாகத் திற, பாதி, மூடு என்று மூன்று நிலை உண்டு. தண்ணீரை 92 முதல் 96 டிகிரிக்குள் தருகிறது. உதிரிபாகங்களைத் தனித்தனியாக விற்கிறார்கள், எனக்கு அதன்மேல் மரியாதை வந்தது இதனால்தான். விலைதான் நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. மின்சாரமே வேண்டாம், கெட்டில் போதும் என்பவர்களுக்கு, காகித ஃபில்டர் போட்டுக் கையால் தண்ணீர் ஊற்றும் ஹரியோ ஸ்விட்ச், கிளெவர் ட்ரிப்பர் இரண்டும் இருக்கின்றன. முன்னதில் எஃகுக் குண்டு ஒன்று துளையை அடைத்துக்கொள்கிறது. பின்னதைக் கப்பின் மேல் வைத்தால்தான் அடைப்பு திறக்கும். சிக்கரி இல்லாத பொடிக்கு இரண்டும் அருமை. நம் கலவையைப் போட்டால் காகித ஃபில்டர் அடைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்கும்.

ஆகவே, இந்த மெஷினை வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். டிகாஷனுக்குப் பத்துக்கு பத்து. மெஷினுக்கு, வாஷரைத் தனியாக விற்கும்வரை, ஐந்துக்கு மேல் தர எனக்கு மனம் வரவில்லை. என்னிடம் இருப்பதை விட்டுவிடவும் மனம் வரவில்லை, புதுக் கூடை இருக்கும்வரை அதில்தான் போடுவேன்.

இவ்வளவுக்குப் பிறகும் வால்வு உள்ள ஏதோ ஒன்றை வாங்கித்தான் தீருவேன் என்பவர்கள் கடையிலேயே இரண்டு காரியம் செய்யுங்கள். வாஷருக்குத் தனி பார்ட் நம்பர் இருக்கிறதா என்று விற்பவரைக் கேட்டு, பில்லின் பின்னால் எழுதி வாங்குங்கள். பிறகு கூடையைக் கழற்றி, மூடிய நிலையில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, அடியில் ஒரு காகிதத்தை விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். எத்தனை மில்லி பிடிக்கிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும். தொட்டி ஒரு லிட்டர் கொள்ளும், கூடை அதில் பாதிகூடக் கொள்ளாது. மூடி வைத்துத் தொட்டி நிறைய ஓட்டினால் கொதிதண்ணீர் வெளியே வழியும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது ஆபத்து. ஐந்து நிமிடம் கழித்துக் காகிதத்தைப் பாருங்கள். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.