முகவாதம்: ஹவுஸ்-பிராக்மேனா, சன்னிபுரூக்கா?

ராயபுரத்திலிருந்தோ தண்டையார்பேட்டையிலிருந்தோ ஒருவர், "டீ குடிச்சா ஓரமா ஒழுகுது" என்று ஸ்டான்லி மருத்துவமனைக்கு வருகிறார். ஹவுஸ்-பிராக்மேன், சன்னிபுரூக் என முகவாதத்தின் அளவை மதிப்பிடும் எந்த அளவுகோலையும் எடுக்குமுன் புருவத்தைத் தூக்கச் சொல்லுங்கள். நெற்றியில் இரு பக்கமும் சுருக்கம் விழுந்து, வாய் மட்டும் கோணினால் மூளைப் பக்கவாதமாக இருக்கலாம்; உடனே ஸ்கேன். நெற்றியும் அசையாவிட்டால் பெரும்பாலும் முகத்தை அசைக்கும் ஏழாம் நரம்பான முகநரம்புதான். அதற்குப் பிறகே மதிப்பெண்.

1985-இல் வந்த ஹவுஸ்-பிராக்மேனில் ஆறு கிரேடு. ஓரிரு நிமிடத்தில் போட்டுவிடலாம். மூன்றா நான்கா என்பதைக் கண்தான் தீர்க்கும்: முயன்று முழுதாக மூடினால் மூன்று, மூடாவிட்டால் நான்கு. தவறு நடப்பதும் இங்கேதான். மூடச் சொன்னதும் நோயாளி கீழே பார்ப்பார். மேலிமை தானாக இறங்கும், அது ஏழாம் நரம்பின் வேலையே அல்ல. நேராகப் பார்த்தபடி மூடச் சொல்லி, குனிந்து கீழிருந்து பாருங்கள். வெள்ளை விழி தெரிந்தால் இடைவெளியை மி.மீ. கணக்கில் எழுதுங்கள். கிரேடு எதுவானாலும் இடைவெளி இருந்தால் பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பும் டேப்பும்.

1996-இல் வந்த சன்னிபுரூக்குக்குக் கூடுதல் நேரம் வேண்டும். புருவம் தூக்குதல், மெதுவாகக் கண் மூடுதல், வாய் திறந்த சிரிப்பு, மூக்கைச் சுளித்தல், உதடு குவித்தல் என ஐந்து அசைவு; ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. கூட்டி நான்கால் பெருக்க வேண்டும். சும்மா இருக்கும்போது தெரியும் கோணலை ஐந்தால் பெருக்கிக் கழிக்க வேண்டும். ஒன்றை அசைத்தால் இன்னொன்று கூடவே இழுக்கும் 'சின்கைனீசிஸ்' மதிப்பையும் கழிக்க வேண்டும். நலமான முகத்துக்கு 100.

உதாரணமாக ஒரு நோயாளிக்கு இரண்டாம் மாதம் அசைவு 15, கோணல் 2, சின்கைனீசிஸ் இல்லை: 60 − 10 = 50. ஐந்தாம் மாதம் அசைவு 19, கோணல் 1, சின்கைனீசிஸ் 4: 76 − 5 − 4 = 67. ஹவுஸ்-பிராக்மேனில் இரண்டு தடவையும் கிரேடு மூன்றே வரலாம். மூன்று மாதம் கண்ணாடி முன் உட்கார்ந்து பயிற்சி செய்தவரிடம் "மாற்றமில்லை" என்பது பெரிய அநியாயம்.

அதனால் முதல் நாள் கேஸ் ஷீட்டுக்கு ஹவுஸ்-பிராக்மேன் போதும். பிசியோதெரபி தொடங்கினால் சன்னிபுரூக்கைத் தவிர்க்கவே கூடாது. அதில் சின்கைனீசிஸ் எண் ஏறத் தொடங்கினால் பலூன் ஊதுவதையும் சூயிங்கம் மெல்லுவதையும் நிறுத்தி, கண்ணாடி பார்த்துச் சின்னச் சின்ன மெதுவான அசைவுகளுக்கு மாற்ற வேண்டும்.