நாலு கொலு பார்த்த காலி இடம்

மாடல் ரயில் வாங்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, பிரிட்டனில் இருந்துகொண்டு, புது எஞ்சின் அறிவிப்பு வந்த அன்றே பணம் கட்டிவிடுகிறவர்களுக்கு. எனக்கு 400 பவுண்டு 50 பென்ஸ் போனது. கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எந்த எஞ்சின் என்றும் சொல்ல மாட்டேன், சொன்னால் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் ஐந்தே நிமிடத்தில் கடையைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு டீசல் எஞ்சின், ஓஓ ஸ்கேல், அதாவது அசலில் 76-இல் ஒரு பங்கு. அது போதும்.

நான் பொன்மலைக்காரன். வீட்டில் மூன்று பேர் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர்கள். சங்கு ஊதினால்தான் எங்கள் தெருவில் மணி என்ன என்றே தெரியும். இங்கே வந்து கையில் நாலு காசு புரள ஆரம்பித்ததும் முதலில் வாங்கியது ஒரு பழைய எஞ்சினும் வட்டத் தண்டவாளமும். அப்புறம் அது அலமாரி அளவுக்கு வளர்ந்தது.

2019 பிப்ரவரியில் அந்தக் கடை ஓர் அறிவிப்பு விட்டது. கடை என்றாலும், சொந்தமாக மாடல்களைத் திட்டமிட்டு சீனாவில் செய்து வாங்கும் சின்ன நிறுவனமும் அதுதான். ஒலி பொருத்திய எஞ்சின் 285 பவுண்டு, கூடவே டேங்க் வேகன் பெட்டி ஒன்று 105 பவுண்டு. முழுத் தொகையையும் வங்கியிலிருந்து நேராக அனுப்பினால் 5 சதவீதம் தள்ளுபடி. கணக்குப் போட்டேன், 19 பவுண்டு 50 பென்ஸ் மிச்சம். 370 பவுண்டு 50 பென்ஸ் அன்று இரவே போய்விட்டது. வருவது 2020 கடைசிக் காலாண்டில் என்றார்கள். நான் அன்றே அலமாரியில் மேல் தட்டில் 28 சென்டிமீட்டர் அளந்து, இரண்டு பக்கமும் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன்.

அந்த வருடம் நவராத்திரிக்கு மனைவி அந்த இடத்தில் செட்டியார் பொம்மையை உட்கார வைத்தாள். "எஞ்சின் வந்ததும் எடுத்துக்கலாம்" என்றாள்.

முதலில் கம்ப்யூட்டர் வரைபடங்கள் வந்தன. பார்க்க அழகாக இருந்தன. 2020 தொடக்கத்தில் பெயின்ட் அடிக்காத சோதனை மாதிரியின் படம் வந்தது. கூரையில் இருக்கும் விசிறி வலை அசலைவிடப் பெரிதாக இருந்தது. நான் உட்படப் பலர் எழுதிக் கேட்டோம். "நன்றி, திருத்துகிறோம்" என்று பதில். திருத்துவது என்றால் மாடலை வார்க்கும் எஃகு அச்சை மறுபடி வெட்ட வேண்டும். அதற்கு மறுபடி பணம். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பிறகு கொரோனா. அதை யாரும் குறை சொல்ல முடியாது. 2021-இல் சிப் தட்டுப்பாடு, ஒலிக் கருவி கிடைக்கவில்லை என்றார்கள். அதுவும் உண்மைதான், அந்த வருடம் கார் கம்பெனிகளே சிப் இல்லாமல் நின்றன. காரணங்கள் எல்லாமே உண்மையாக இருந்ததால்தான் எனக்குச் சந்தேகம் வர இவ்வளவு நாளானது.

ஆனால் அதே 2021-இல் இன்னொன்று நடந்தது. என் எஞ்சின் வராத நிலையிலேயே அவர்கள் வேறொரு எஞ்சினை அறிவித்தார்கள். இந்த வார இறுதிக்குள் முழுப் பணம் கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடி. சில மாதம் கழித்து மூன்றாவதாக ஒன்று. புதுப் பெயரில் வசூலிக்கும் பணம் பழைய அச்சுக்கூலிக்குப் போகிறது என்று அன்றே புரிந்திருக்க வேண்டும். எனக்குப் புரியாததற்கு மன்னிப்பே கிடையாது. ஏனென்றால் எங்கள் தெருவில் தீபாவளிச் சீட்டுப் பிடித்தவர் ஒரு வருடம் ஐப்பசிக்குப் பத்து நாள் முன்னால் ஊரைவிட்டுப் போனபோது, அம்மாவைக் கிண்டல் செய்தவன் நான். பலகாரத்துக்கும் பட்டாசுக்கும் மாதாமாதம் கட்டிய பணம் அது. இங்கே அதே சீட்டு ரயில் உருவத்தில் வந்ததும் வாயைப் பிளந்துகொண்டு சேர்ந்துவிட்டேன்.

2022-இல் கப்பல் கூலி ஏறிவிட்டது என்று, ஏற்கனவே முழுப்பணம் கட்டியவர்களிடமும் 30 பவுண்டு கூடுதலாகக் கேட்டார்கள். கட்டாவிட்டால் ஆர்டர் வரிசையில் பின்னால் போகும். கட்டினேன். இதுவும் வங்கி வழியாகத்தான். முழு முட்டாள்தனம் எது என்று கேட்டால் 2019-ஐச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

2023 வசந்த காலத்தில் தொலைபேசியை எடுக்க ஆள் இல்லை. இரண்டு வாரத்தில் கலைப்பு அதிகாரியிடமிருந்து, அதாவது நொடித்த கம்பெனியின் கணக்கை முடிக்கிறவரிடமிருந்து, கடிதம் வந்தது, கூடவே கடன்காரர்கள் பட்டியல். சீனத் தொழிற்சாலை, அட்டைப்பெட்டி செய்து கொடுத்தவர், மின்சாரக் கம்பெனி, பிறகு பக்கம் பக்கமாக எங்களைப் போன்றவர்கள். அகர வரிசையில் என் பெயர், எதிரே 400.50. நான் அந்தக் கடையின் வாடிக்கையாளர் என்று நாலு வருடமாக நினைத்திருந்தேன். அந்தத் தாளின்படி நான் அவர்களுக்கு வட்டியில்லாமல், ஈடும் இல்லாமல் கடன் கொடுத்தவன்.

இங்கே ஒரு கம்பெனி நொடித்தால் பணம் பிரிக்கப்படும் வரிசை இப்படி: சொத்தின் மேல் அடமானம் பதிந்தவர்களுக்கு அதிலிருந்து முதலில், ஊழியர்களின் பாக்கிச் சம்பளத்தில் ஒரு பகுதி, 2020 டிசம்பரிலிருந்து வாட் போன்ற சில பாக்கிகளுக்காக வரித்துறை. எங்களைப் போன்றவர்கள் இவர்களுக்கெல்லாம் பின்னால். எங்கள் முறை வரும்போது பாத்திரத்தில் ஒன்றும் இருக்காது. எங்கள் கதையில் இல்லவும் இல்லை. அச்சுகள் கடைசியில் யார் கைக்குப் போயின என்றும் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

வங்கிக்கு ஓடினேன். அங்கே இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கிரெடிட் கார்டில் எதுவும் கட்டினீர்களா?" என்றாள். 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு பற்றி அப்போதுதான் ஒழுங்காகத் தெரிந்துகொண்டேன். ஒரு பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்குள் இருந்து, அதில் ஒரு பகுதியை, வெறும் முன்பணத்தை மட்டுமே கூட, கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், கடை நொடித்தாலும் முழுத் தொகைக்கும் கார்டு நிறுவனம் பொறுப்பு. எஞ்சினும் வேகன் பெட்டியும் இரண்டுமே 100-க்கு மேல். 19 பவுண்டு 50 பென்ஸுக்கு ஆசைப்பட்டு அந்தப் பாதுகாப்பை நானே கழற்றிக் கொடுத்திருக்கிறேன். டெபிட் கார்டில் கட்டியவர்கள் சிலர் சார்ஜ்பேக் கேட்டார்கள், அதாவது கட்டிய பணத்தைத் தங்கள் வங்கி மூலம் திரும்ப வாங்குவது. அது சட்ட உரிமை அல்ல, கார்டு நிறுவனங்களின் விதி. கெடுவும் உண்டு, பெரும்பாலும் 120 நாள். அதனால் கடை நொடித்த செய்தி வந்த உடனே கேட்க வேண்டும். இந்தியாவில் வாங்கிய கார்டை வைத்து ஆர்டர் செய்கிறவர்களுக்கு இந்த 75-ஆம் பிரிவு உதவாது, ஆகவே நீங்கள் இன்னும் ஜாக்கிரதை.

பிரிட்டனில் கம்பெனிகளைப் பதிவு செய்யும் கம்பெனீஸ் ஹவுஸின் தளத்தில் எந்த லிமிடெட் கம்பெனியின் கணக்கையும் காசில்லாமல் பார்க்கலாம். எல்லாம் முடிந்த பிறகுதான் பார்த்தேன். இரண்டு வருடம் கணக்குத் தாக்கல் தாமதம். ஒரு வருடத்துக்குள் தீர்க்க வேண்டிய கடன் என்ற வரி வருடாவருடம் வீங்கியிருந்தது. அந்த வீக்கத்தில் ஒரு துளி நான். மொத்தச் சொத்தின் மேலும் ஒரு கடன் நிறுவனம் அடமானம் பதிந்திருந்தது. பணம் கட்டும் முன் பார்த்திருந்தால் பத்து நிமிட வேலை.

அப்படியானால் ப்ரீ-ஆர்டரே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். இப்போதெல்லாம் மாடல்கள் சின்னச் சின்னத் தொகுப்பாகத்தான் வருகின்றன. சில நிறங்கள் கடைக்கு வரும் முன்பே தீர்ந்துவிடும் என்பது உண்மை. பெயரை மட்டும் பதிந்துகொண்டு, சரக்கு வந்து பார்சல் கட்டும் நாளில் கார்டில் பணம் எடுக்கும் கடைகள் இருக்கின்றன. அங்கே நானும் பதிந்து வைத்திருக்கிறேன். வராவிட்டால் எனக்குப் போவது ஆசை மட்டும்தான். பணத்தை முன்னால் கேட்டால், ஏன் என்று கேளுங்கள். அச்சு வெட்டக் காசு வேண்டும் என்பதுதான் பதில் என்றால், நீங்கள் முதலீட்டாளர்; லாபத்தில் பங்கில்லாத முதலீட்டாளர். பெரிய பழைய கடை என்ற தைரியமும் வேண்டாம். லிவர்பூலில் 1946-இல் தொடங்கிய மாடல் ரயில் கடையான ஹாட்டன்ஸ் போன்ற பெயரே 2024 ஜனவரியில் கடையை மூடுவதாக அறிவித்தது. நொடித்துப் போய் அல்ல, அவர்களாகவே எடுத்த முடிவு. ஆனாலும் கடைகள் மூடும், அவ்வளவுதான். "வந்துவிட்டது" என்ற வார்த்தை வரும் வரை காத்திருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. விசிறி வலை சரியாக இருக்கிறதா என்று வாங்கியவர்கள் சொல்லிவிடுவார்கள். தீராத சரக்கு அடுத்த வருடம் பாதி விலைக்கு வருவதையும் நான் பார்த்திருக்கிறேன்.

போன வாரம் என் பழைய கணக்கில் நுழைந்து பார்த்தேன். தளம் இன்னும் யாரோ அணைக்க மறந்த விளக்கு மாதிரி எரிந்துகொண்டிருக்கிறது. ஆர்டர் நிலை: தயாரிப்பில். மேல் தட்டில் பென்சில் கோடு அப்படியே இருக்கிறது. கொலு முடிந்தும் செட்டியாரை நாங்கள் பரணில் ஏற்றுவதில்லை. அரிசி, பருப்பு, தராசு எல்லாம் முன்னால் பரப்பி, 28 சென்டிமீட்டரில் 12-ஐ எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.