காசு கட்டி ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்களே, கொஞ்சம் பொறுங்கள்

கோடையில் வெளிநாடு போய் ஏழைப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்கலாம் என்ற விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டப் போகிறீர்களா? என் கதையைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

முப்பது வருடம் ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கம்போடியாவில் சியம் ரீப் பக்கம் ஒரு கிராமப் பள்ளி, இரண்டு வாரம், சாப்பாடு தங்குமிடத்தோடு 95,000 ரூபாய் என்றது ஒரு நிறுவனம். டிக்கெட் தனி. ஏப்ரல் 8 வரச் சொன்னார்கள். சுற்றுலா விசா போதும் என்றார்கள். தொண்டு செய்யப் போகிறவர்கள் ஈ வகை விசா வாங்க வேண்டும் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் ஐந்தே டாலர்.

போய் மூன்றாம் நாள் பள்ளிக்குப் பூட்டு. கம்போடியர்களின் கெமர் புத்தாண்டாம்! நம் சித்திரைப் பிறப்பை ஒட்டித்தான் அதுவும் வரும். எனக்கே உறைத்திருக்க வேண்டும், அந்த வெட்கம் தனி. ஆனால் அந்த ஊரிலேயே ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்குமா தெரியாது?

நடந்த இரண்டு நாள் வகுப்பும் சொல்லும்படி இல்லை. நிற அட்டைகளைக் கையில் எடுத்தேன். தூக்கிக் காட்டுவதற்குள் 'ரெட், ப்ளூ, யெல்லோ' என்று பிள்ளைகள் கத்தி முடித்துவிட்டார்கள். அட்டை அடுக்கியிருந்த வரிசையே அவர்களுக்கு மனப்பாடம். இரண்டு வாரத்துக்கு ஒருவர் வந்து முதலிலிருந்து ஆரம்பித்தால் வேறென்ன ஆகும்? 'ரைஸ்' என்றால் 'ரைஹ்' என்றார்கள். அவர்களுடைய கெமர் மொழியில் சொல்லின் கடைசியில் வரும் 'ஸ்' அப்படித்தான் ஒலிக்கும் என்று விளக்கியவர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த வகுப்பாசிரியர். அதைத் திருத்தவே ஒரு மாதம் பிடிக்கும். நான் கட்டிய பணத்தில் பள்ளிக்கு என்ன கிடைத்தது என்று அவரிடம் கேட்டேன். "நீங்கள் கொண்டுவந்த சாக்பீஸ் பெட்டி" என்று சிரித்தார்.

அமெரிக்க அரசின் தொண்டர் அமைப்பான பீஸ் கோர் 2007 முதல் அங்கே ஆட்களை அனுப்புகிறது. முதலில் கெமர் படிக்க வேண்டும், பிறகு உள்ளூர் ஆசிரியரோடு சேர்ந்து இரண்டு வருடம் வகுப்பெடுக்க வேண்டும். தொண்டர்களிடம் கட்டணம் கிடையாது. நம்மைச் சேர்க்க மாட்டார்கள், அது வேறு. இரண்டு வார விளம்பரம் வந்தால் இதோடு வைத்துப் பாருங்கள்.

சரி, பள்ளி இல்லையே, மீதி நாட்களுக்கு என்ன என்று கேட்டேன். ஓர் அநாதை இல்லத்துக்குப் போகச் சொன்னார்கள். போனேன். அங்கே ஒரு பையன், தன் அம்மா பக்கத்துக் கிராமத்தில்தான் இருக்கிறாள் என்றான். கம்போடிய இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருப்பதாக யுனிசெஃப் பல வருடங்களாகவே சொல்லிவருகிறது. பிள்ளைகள் அங்கே இருப்பதற்குத் தொண்டர்கள் வருவதும் ஒரு காரணம். அன்றே கிளம்பிவிட்டேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, அடுத்த பயணத்தில் பத்து சதவீதம் தள்ளுபடி என்று பதில் வந்தது. அவர்களுடைய இந்த வருட அட்டவணையையும் பார்த்தேன். ஏப்ரல் 8 இருக்கிறது.